பாதிச் சந்தாவுக்குத் தோள் உயரம்

பக்கத்துக் கம்பெனியில் புதிதாகச் சங்கம் ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் போன வாரம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். "ரெஜினாக்கா, நீங்க ரொம்ப வருஷம் பொருளாளரா இருந்தவங்க. பார்ட் டைம் ஆளுங்ககிட்ட முழுச் சந்தா வாங்கறது நியாயமா, பாதி வாங்கறது நியாயமா? வாட்ஸ்அப் குரூப்புல ஓட்டெடுப்பு வெச்சிருக்கோம். உங்க அனுபவத்த ரெண்டு வரில சொல்லுங்க." நான் திருப்பிக் கேட்டேன்: "அந்த குரூப்புல பார்ட் டைம் ஆளுங்க எத்தினி பேருப்பா கீறாங்க?" அப்புறம், "அவங்கள இன்னும் சேக்கலக்கா. மொதல்ல சந்தாவ முடிவு பண்ணிட்டு சேக்கலாம்னு" என்று ஒரு மெசேஜ் வந்தது. கூடவே கை கூப்புகிற படம் ஒன்று.

இரண்டு வரியில் சொல்லுகிற கதையா இது? ரிட்டயர்டு ஆனவளுக்கு நேரத்துக்கா பஞ்சம், உட்கார்ந்து எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு ஓட்டுப் போடட்டும்.

நான் வேலை பார்த்தது ஒரகடத்தில், கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில். பெயர் வேண்டாம். என்னுடைய பி.எஃப். பேப்பர் ஒன்று இன்னும் அவர்களிடம் கையெழுத்துக்கு நிற்கிறது. அதற்கு முன்னால் தாம்பரம் பக்கம் சட்டை தைத்தேன். சட்டைத் துணியில் ஓடிய கை ரெக்சினில் ஓடவில்லை. முதல் மாதமே ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு போனது, சூப்பர்வைசர் ஓடிவந்து ரெக்சினில் ரத்தம் பட்டுவிட்டதா என்று பார்த்தார். ஆறு மாதம் டிரெய்னிங், இரண்டு வருடம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம். அவ்வளவுதான் என் வளர்ச்சிக் கதை, மீதியெல்லாம் நேர்த்தையல்.

சங்கம் வந்தபோது என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். நிரந்தரத்தில் பெண்கள் ரொம்பக் குறைவு, அதிலும் எதிர்த்துப் பேசுகிறவள் நான் ஒருத்தி. பொம்பளை காசைத் தின்னமாட்டாள் என்று ஒரு காரணம் சொன்னார்கள். தின்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

சந்தா வசூல் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். அதற்குக் கம்பெனி சங்கத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கம்பெனியோ, "அப்படி ஒரு சங்கம் இருப்பதாக எங்களுக்குத் தகவல் இல்லை" என்று எழுத்தில் கொடுத்திருந்தது. கேட்டுக்கு உள்ளே வசூல் பண்ணினால் மெமோ. ஆகவே சம்பளத்து அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில்தான் என் ஆபீஸ். ஒரகடம் கூட்ரோடு தாண்டியதும் ரசீது புத்தகத்தை எடுப்பேன். எடுத்த நொடியில் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும். அதுவரை அரசியல் பேசிக்கொண்டு வந்த வாய் அப்படியே திறந்தபடி குறட்டை விடும். நூறு ரூபாய்க்காக ஓர் ஆம்பிளை இவ்வளவு நல்லா நடிப்பானா என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். தோளைத் தட்டினால், "அக்கா, அடுத்த மாசம் சேத்து குடுக்கறேன்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார்கள். பெரிய தீர்மானங்களை எல்லாம் கைதட்டி நிறைவேற்றிய போராளிகள் இவர்கள்தான்.

இந்த நேரத்தில்தான் கம்பெனி பார்ட் டைம் ஆட்களை எடுத்தது. எல்லோரும் பெண்கள், எல்லோரும் வல்லம் வடகால் பக்கத்து ஊர்க்காரர்கள். காலை பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போக வேண்டும். தைத்து வந்த உறையில் பிசிறு நூலை வெட்டி, மடித்து, பெட்டியில் அடுக்குகிற வேலை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வரலாம், பிள்ளை வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கம்பெனி பஸ்ஸில் அவர்களுக்கு இடம் இல்லை. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

அவர்களில் ஒருத்தி தேவகி. முப்பது வயது இருக்கும். புருஷன் தண்ணி லாரி ஓட்டுகிறவன், வேலை இருந்தால் உண்டு. இவளுடைய நாலு மணி நேரச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் மகளுடைய ஸ்கூல் வேனும் ஓடின. யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேசுவாள், சூப்பர்வைசருக்கு அதுவே பிடிக்காது.

அவர்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். கமிட்டியில் யாருக்கும் இஷ்டம் இல்லை. ஆனால் கம்பெனி நம்மோடு பேச வேண்டுமானால் பாதிக்கு மேல் ஆட்கள் நம் பக்கம் இருக்க வேண்டும், நிரந்தரத்தை மட்டும் வைத்தால் தேறாது என்று தெரிந்ததும் பெண்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. சேர்ப்பது என்று முடிவாயிற்று. சந்தா எவ்வளவு?

இங்கே எங்கள் தலைவர் சபாபதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபோம் செக்ஷன்காரர். நல்ல மனுஷன்தான், மைக் இல்லாத நேரத்தில். அவருக்கு எதிரே ஒரு டீ கிளாஸை வைத்தால்கூட அது மைக் ஆகிவிடும். முழுக்கைச் சட்டை போட்டு, பேச ஆரம்பிக்கும் முன் இரண்டு மடிப்பு மடித்துவிடுவார். "தோழர்களே" என்று ஆரம்பித்து ஒரு நிமிஷம் சும்மா இருப்பார், யாரோ கைதட்டப் போவதுபோல. முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. பரிசீலிப்போம் என்பார். என் பெண்ணுக்குக் கல்யாணம், வந்துவிடுங்கள் என்று பத்திரிகை வைத்தபோதும் பரிசீலிப்போம் என்றார். வந்து சாப்பிட்டுவிட்டும் போனார்.

"தோழர்களே, உழைப்புக்கு ஏற்ற ஊதியம். ஊதியத்துக்கு ஏற்ற சந்தா. எட்டு மணி நேரத்துக்கு நூறு ரூபாய் என்றால் நாலு மணி நேரத்துக்கு ஐம்பது. இது விஞ்ஞானம்" என்றார் சபாபதி.

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அப்போது துணைச் செயலாளர் முனுசாமி, கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசியில் குண்டு போடுகிற ஆள், மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஓட்டு?"

பெண்கள் கொஞ்ச நஞ்சப் பேர் இல்லை. நாளைக்குத் தேர்தலில் அவர்கள் சேர்ந்து கையைத் தூக்கினால் இந்தக் கமிட்டியில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சபாபதி சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தார். "சந்தாவுக்கு ஏற்ற ஓட்டு. பாதிச் சந்தாவுக்குப் பாதி ஓட்டு. இதுவும் விஞ்ஞானம்தான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாதி ஓட்டுன்னா கைய எப்டி தூக்கறது தலைவரே? தோள் வரைக்குமா?" என்று கிண்டலுக்குக் கேட்டேன். சபாபதி பேனாவை எடுத்தார். "நல்ல யோசனை தோழர்" என்றார். தீர்மானத்தில் எழுதிவிட்டார்கள்.

நான் சொல்வது பொய் என்று நினைப்பவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கும் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில், வேலை முடிந்து வெளியே வந்த பெண்களை நிற்க வைத்து, சபாபதி தானே செய்து காட்டினார். முழங்கையை மடக்கி, உள்ளங்கை தோளுக்கு நேராக வரும்படி. "இதுக்கு மேல போகக்கூடாது. போனா செல்லாது. ரெண்டு கைய சேத்து ஒண்ணா எண்ணுவோம்." ஒற்றைப்படையாக வந்தால் மிஞ்சுகிற அரை யாருக்கு என்று ஒரு பெண் கேட்டாள். அது தலைமையின் பக்கம் சேரும் என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தேவகி மட்டும் சிரிக்காமல், முழங்கையை மடக்கி, "இவ்ளோ போதுமா தலைவரே? இன்னும் கொஞ்சம் எறக்கணுமா?" என்று கேட்டு, சரியான உயரம் வரும்வரை பழகிக்கொண்டாள்.

அடுத்த பொங்கலுக்குச் சங்க நிதியில் எல்லோருக்கும் மூன்று அடுக்கு டிபன் கேரியர் கொடுத்தோம். பாதி உறுப்பினருக்கு ஒன்றரை அடுக்கு எந்தக் கடையிலும் விற்கவில்லை. ஒரே ஒரு டப்பா கொடுத்தார்கள். மூடி முழுசாக இருந்தது.

இதிலே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வசூல் பண்ணிய அத்தனை வருஷத்தில் பாதிச் சந்தாக்காரர்கள் யாரும் என்னைப் பார்த்துத் தூங்கியது கிடையாது. டீக்கடைக்கு வரும்போதே ஐம்பது ரூபாய் கையில் மடித்துத் தயாராக இருக்கும். முழுச் சந்தாக்காரர்களைப் பஸ்ஸில் உலுக்கி எழுப்பி வாங்குவேன்.

இப்போது தேவகி விஷயத்துக்கு வருகிறேன். நாலு மணி நேரம் என்பது பேப்பரில்தான். இரண்டு மணிக்குச் சரியாக சூப்பர்வைசர் வருவார். "எல்லாரும் போயி கார்ட வெச்சிட்டு வாங்க. இந்த லாட்ட முடிச்சிட்டு போங்க" என்பார். அதாவது, கேட் பக்கம் போய் மெஷினில் கார்டைக் காட்டி, வேலை முடிந்து வெளியே போனதாகப் பதிவு பண்ணிவிட்டு, திரும்பி வந்து பெட்டி அடுக்க வேண்டும். அன்றைக்கு லாரியில் ஏற்ற வேண்டிய அந்த லாட் முடிய மூன்றரையும் ஆகும், நாலும் ஆகும். அதற்குக் காசு கிடையாது, நீங்கள்தான் இரண்டு மணிக்கே வெளியே போய்விட்டீர்களே! நிரந்தரத்தில் இருந்த நாங்கள் இதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மெஷின் சத்தத்தில் சில விஷயங்கள் கண்ணுக்கும் தெரியாது போலிருக்கிறது.

ஒருநாள் தேவகியின் மகளுக்குப் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வேன்காரன் பிள்ளையைப் பூட்டிய வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவான். தேவகி இரண்டு மணிக்குக் கார்டை வைத்தாள். வைத்தவள் திரும்பி உள்ளே வரவில்லை, கேட்டைத் தாண்டிப் போய் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள். பதிவில் இருந்ததை அப்படியே செய்தாள், அவ்வளவுதான். ஓர் ஆள் குறைந்ததில் அன்று லாட் லாரிக்குப் போகவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வந்து கார்டைக் காட்டினால் சிவப்பு லைட். "உன் கார்டு செகப்பு லைட்டு காட்டுதும்மா. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார் செக்யூரிட்டி. மேலே கேட்டதற்கு, விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பதில். என்ன விசாரணை, யார் விசாரிப்பது, எப்போது முடியும், எதற்கும் பதில் இல்லை. சம்பளமும் இல்லை.

தேவகி வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே நின்றாள். மறுநாளும் பத்து மணிக்கு வந்து நின்றாள், இரண்டு மணிக்குப் போனாள். தினமும் அப்படியே. வேலைக்கு வருகிற மாதிரியே தலைவாரி, டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் லஞ்சுக்கு வெளியே வந்தபோது கேட்டேன், ஏண்டி வெயிலில் நிற்கிறாய் என்று. "வரலன்னா வேலய வுட்டு நின்னுட்டான்னு எழுதிடுவாங்கக்கா. சங்கத்துல சொல்லிட்டேன். இன்னா பண்ணப் போறீங்க?"

கமிட்டி கூடியது. முழு உறுப்பினரை கேட்டில் நிறுத்தினால் எங்கள் நடைமுறை தெளிவானது. முதல் நாள் கமிட்டி மொத்தமும் போய் நிற்கும். இரண்டாம் நாள் எல்லோரும் கேன்டீன் சாப்பாட்டைத் தொடமாட்டோம். மூன்றாம் நாள் மெஷின் ஓடாது. இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறோம். சாப்பாட்டைத் தொடாத அன்றே ஆளை உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

"ஆனா இது பாதி உறுப்பினர் விவகாரம்" என்றார் சபாபதி.

"அப்ப பாதிப் போராட்டமா? சோத்த வுட்டுட்டு கொழம்ப மட்டும் தின்னலாமா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்படாதது அவருடைய பெரிய பலம். "ஐம்பது ரூபாய் சந்தாவுக்காக நூறு ரூபாய் சந்தா கட்டறவன் சம்பளத்த இழக்க முடியுமா தோழர்? நியாயத்தச் சொல்லுங்க. பேச்சுவார்த்தை மூலமா தீர்ப்போம்."

"கம்பெனிதான் நம்மகிட்ட பேசவே மாட்டேங்குதே?"

"அதனாலதான் கடிதம்."

கடிதம் எழுதினார்கள். நல்ல கடிதம்தான், வன்மையாகக் கண்டிப்பது எல்லாம் இருந்தது. செக்யூரிட்டி கேபினில் கொடுத்தார்கள். நான் அடுத்த நாள் ஷிப்டுக்குப் போகும்போது கேபினில் அதன்மேல் டீ கிளாஸ் இருந்தது.

தேவகியிடம் இதை நான்தான் போய்ச் சொன்னேன். சபாபதிக்கு அன்று இடுப்பு வலி. அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுசும் கேட்டுக்கொண்டாள். "கம்பெனிக்காரன் ஆறு மணி நேரம் வேல வாங்கிக்கினு நாலு மணி நேரத்துக்கு காசு குடுக்கறான். நீங்க பாதி சந்தா வாங்கிக்கினு கால்வாசி பேசறீங்க. நல்லாக்கீதுக்கா ஒங்க ரெண்டு பேரு கணக்கும்." சொல்லிவிட்டு மடியிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினாள். சம்பளமே இல்லாதவளிடம் எப்படி வாங்குவது என்று நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "வாங்கிக்க. கட்டலன்னா அதையே சாக்கா சொல்லுவாரு ஒங்க தலைவரு" என்றாள். ரசீது எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் போனது. தேவகி நின்றுகொண்டுதான் இருந்தாள். வாடகை கொடுக்கவில்லை என்று வீட்டுக்காரர் பேசிவிட்டுப் போனதாகச் சொன்னாள். இதற்கிடையில், சங்கத்துக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்று நேரில் எண்ணிப் பார்க்கத் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. இரண்டு வருஷமாக நாங்கள் காத்திருந்த நாள். எண்ணிக்கையில் தேறிவிட்டால் கம்பெனி எங்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும், சம்பள ஒப்பந்தம் போட்டுத்தான் ஆக வேண்டும். தேறாவிட்டால் சங்கமும் போச்சு, முன்னால் நின்ற எங்கள் வேலையும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. முந்தின நாள் யாருக்கோ கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் மணமக்கள் பெயர் தெர்மோகோலில் இருந்தபடியே இருந்தது, அதன் கீழே அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் கம்பெனியின் ஹெச்.ஆர். சார், மறுபக்கம் சபாபதி. முன்னால் நிரந்தரத் தொழிலாளர்கள், பின்வரிசைகளில் பெண்கள். தேவகியும் வந்திருந்தாள். நிறுத்தித்தானே வைத்திருக்கிறார்கள், இன்னும் நீக்கவில்லையே.

ஹெச்.ஆர். சார் எழுந்தார். "சார், பின்னாடி இருக்கறவங்க பார்ட் டைம். அவங்கள கணக்குல சேத்துக்கக் கூடாது."

உடனே சபாபதி பொங்கி எழுந்தார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "என்ன அநியாயம் இது! நாலு மணி நேரம் வேல செஞ்சா பாதி மனுஷியா? பசி பாதியா? வாடகை பாதியா? ஒரு தொழிலாளியை அரை ஆளாக எண்ணுவதை இந்தச் சங்கம் ஒருபோதும் ஏற்காது!" முன்வரிசை கைதட்டியது. முனுசாமி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அமைதியான மனுஷர். "அவங்க பேரு உங்க வேலையாள் பட்டியல்ல இருக்கா?" என்று ஹெச்.ஆர். சாரைக் கேட்டார். இருக்கிறது என்றார். "அப்ப ஆள்தானே. நான் ஆளைத்தான் எண்ண வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார். "இந்தச் சங்கத்தில் இருக்கறவங்க கையைத் தூக்குங்க."

முன்வரிசைக் கைகள் எல்லாம் விட்டத்தைப் பார்த்து நின்றன. அதிகாரி எண்ணிக்கொண்டே பின்னால் வந்தார். நின்றார். அங்கே அத்தனை பெண்களும் முழங்கையை மடக்கி, உள்ளங்கை தோளுக்கு நேராக, ஒரே அளவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியில் அடுக்கியதுபோல ஒரு பிசிறு இல்லை.

"இது என்ன? இவங்க தூக்கறாங்களா, இல்லையா?" என்றார் அதிகாரி.

சபாபதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "தோழர்களே, கையை உயர்த்துங்கள்... நல்லா உயர்த்துங்கள்!"

"இதுக்கு மேல போனா செல்லாதுன்னு நீங்கதான தலைவரே சொன்னீங்க" என்றாள் தேவகி.

"அது நம்ம உள் விவகாரம்மா!"

"உள்ளதான கீறோம்."

ஹெச்.ஆர். சார் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முழுசா தூக்கின கையை மட்டும்தான் நான் எண்ண முடியும். இல்லன்னா இப்பவே எழுதிட்டுக் கிளம்பறேன்" என்றார். சபாபதியின் மேடைத் தமிழ் எல்லாம் எங்கே போனதோ, அவர் என் பக்கம் ஓடிவந்தார். "இன்னா ரெஜினா இது, கூத்து! ஒன் பேச்ச கேக்கற பொண்ணுங்கதான, சொல்லேன், கைய தூக்கச் சொல்லேன்!"

எனக்கும் பயம்தான். இந்த எண்ணிக்கை போனால் என் வேலையும் சேர்ந்துதான் போகும். ஆனாலும் மனசு குளிர்ந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? "நான் முழுச் சந்தா கட்டறவ தலைவரே. பாதிக்காரங்க விவகாரத்துக்கு கடுதாசிதான் எழுத முடியும். எழுதித் தரட்டுமா?" என்றேன்.

அவர் தேவகி முன்னால் போய் நின்றார். "இன்னாம்மா வேணும் ஒனக்கு?"

"எழுதியெல்லாம் தர வாணாம். மைக்ல சொல்லுங்க. நாளைக்கு பத்து மணிக்கு தேவகி உள்ள போவலன்னா ஒரு மெஷினும் ஓடாதுன்னு சொல்லுங்க. ரெண்டு மணிக்கு மேல ஒரு பொம்பளையும் சும்மா வேல செய்யமாட்டான்னு சொல்லுங்க. இதோ சாரும் கீறாரு, கேட்டுக்கட்டும்." சொல்லும்போதும் கையை இறக்கவில்லை. தோளுக்கு நேராகவே இருந்தது.

சபாபதி முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தூக்கிய கைகள் வலிக்க ஆரம்பித்திருந்தன. "சொல்லித் தொலைங்க தலைவரே!" என்று யாரோ கத்தினார்கள். அவர் மைக்கை எடுத்துச் சொன்னார். "தோழர்களே" இல்லாமல், ஒரு நிமிஷ இடைவெளி இல்லாமல், பரிசீலனை இல்லாமல் அவர் பேசி நான் கேட்ட ஒரே பேச்சு அதுதான். இரண்டு வாக்கியம். முடித்ததும் பின்வரிசையில் அத்தனை கைகளும் வளையல் சத்தத்தோடு மேலே போயின. அதிகாரி முதலிலிருந்து எண்ணினார். தேறினோம்.

மறுநாள் மெஷின் எதையும் நிறுத்த வேண்டி வரவில்லை. பத்து மணிக்குத் தேவகி கார்டைக் காட்டினாள், பச்சை லைட். ஹெச்.ஆர். சார் காதில் விழுந்ததே போதுமாக இருந்தது. அந்த இரண்டு வாக்கியத்தை மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவளுக்கு மூன்று வாரச் சம்பளம் மிஞ்சியிருக்கும். சபாபதி அன்று சாயங்காலம் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "பகுதிநேரப் பெண் தொழிலாளியின் உரிமையை மீட்டெடுத்தோம்" என்று தன்னுடைய போட்டோவைப் போட்டுக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. ஒப்பந்தம் ஆயிற்று, சம்பளம் ஏறியது, ஓவர்டைமும் தாராளமாகக் கிடைத்தது. அடுத்த பொதுக்குழுவில் சபாபதி எழுந்து, பகுதிநேரத் தோழர்கள் இப்போது முழு ஓட்டு உரிமை பெற்றுவிட்டதால் இனி முழுச் சந்தா கட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

தேவகி எழுந்தாள். "கட்டலாம் தலைவரே. ஆனா நேரத்துக்கு ஏத்த சந்தான்னு நீங்கதான ஆரம்பிச்சீங்க. நாலு மணி நேரத்துக்கு பாதி, எட்டு மணி நேரத்துக்கு முழுசு. அப்ப ஓ.டி. சேத்து பன்னெண்டு மணி நேரம் பாக்கறவங்களுக்கு ஒண்ணரை தான வரும்? அதையும் தீர்மானத்துல போட்டுடுங்க. விஞ்ஞானம்னா எல்லாருக்கும் விஞ்ஞானம்தான?"

அங்கே இருந்த நிரந்தரத்தில் ஓவர்டைம் பார்க்காதவர்கள் குறைவு. எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தவர் சபாபதி. ஒப்பந்தத்துக்கு அப்புறம் சங்கப் பணி என்ற பெயரில், எந்த மெஷின் பக்கமும் போகாமலே, டீக்கடையில் உட்கார்ந்தபடி அவருக்கு ஓவர்டைம் ஏறிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

"தோழர்களே, சந்தா என்பது மனசு சம்பந்தப்பட்டது. மணி சம்பந்தப்பட்டது அல்ல" என்றார் சபாபதி. அவ்வளவு நேரம் வாய் மூடியிருந்த முனுசாமி எழுந்து, "எல்லாருக்கும் ஒரே சந்தா. அம்பது ரூபா. முடிஞ்சிது" என்றார். முன்வரிசைக் கைகள் பறந்தன. சமத்துவம் எங்கள் சங்கத்துக்குள் இப்படித்தான் வந்தது, ஓவர்டைம் காசைக் காப்பாற்றிக்கொள்ள.

அந்த மாதச் சம்பள நாள். பர்மிஷன் கேட்டு வெளியே வந்து, இரண்டு மணிக்கு டீக்கடையில் ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பெண்கள் சரியாக இரண்டு மணிக்கே வெளியே வந்தார்கள். தேவகி நூறு ரூபாயை நீட்டினாள். மீதி ஐம்பதை எடுத்தேன். "மீதி வாணாங்கா. நாளைக்கு வேற எவளையாவது நிறுத்துவாங்க. வக்கீலு பாதி ஃபீசுக்கு வருவாரா?" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் நூறு நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும்.

ஆகவே பிள்ளைகளே, பாதியா முழுசா என்று நீங்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்னால், அவர்களை கேட்டில் நிறுத்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு எவ்வளவு தருவது என்று அவர்களே சொல்வார்கள். ஏமாந்து போகமாட்டீர்கள். அந்தச் சம்பள நாளன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு ஓர் அதிசயம் நடந்தது, யாருமே தூங்கவில்லை. ஐம்பது ரூபாய்தானே என்று எல்லோரும் சந்தோஷமாக எடுத்து நீட்டினார்கள். சபாபதியிடம் சில்லறை இல்லை, நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தார். நான் டீக்கடையில் நடந்ததை அவரிடம் சொன்னேன், பெண்கள் எல்லோரும் முழுசாகக் கட்டிவிட்டார்கள் என்று. "அருமை தோழர், அதான் வர்க்க உணர்வு" என்று உருகிப் போய்த் தலையாட்டினார். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நான் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தேன். பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"ரெஜினா, மீதி அம்பது?"